பகாவிலிருந்து மலாக்கா கடற்படை அருங்காட்சியகத்துக்கு: தமிழ்ப்பள்ளிப் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து சுமார் நாற்பது பிள்ளைகளை ஒரே நாளில் மலாக்காவுக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டிய ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் இந்த வழிகாட்டி. நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கெமாஸ், கோலப்பிலா, தம்பின் வட்டாரப் பள்ளிகளுக்கும் நேரத்தைச் சற்று மாற்றினால் பொருந்தும்.

பயணத்தின் பயன் இரண்டு காரியங்களில் அடங்கியிருக்கிறது. போய்ச் சேரும் முன் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருந்தது, சேர்ந்த பின் எதை முதலில் பார்த்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வாரக்கணக்கில் அலைகிறார்கள். இந்த இரண்டையும் அன்றைய காலைக்கு விட்டுவிடுகிறார்கள்.

1. எந்த அருங்காட்சியகம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

அரச மலேசியக் கடற்படையின் அருங்காட்சியகம் மலாக்கா ஆற்று முகத்துக்கு அருகில் இருக்கிறது. முன்பு இது பேராக் மாநிலத்து லூமுட் கடற்படைத் தளத்தில் இருந்தது. லூமுட்டிலும் கடற்படைக்குக் காட்சிக்கூடம் உண்டு என்பதால், கடிதம் எழுதும்போது ஊரின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இதற்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில், பெரிய மரக்கப்பல் வடிவில் நிற்பது மலாக்கா சமுத்திர அருங்காட்சியகம். இரண்டும் அடுத்தடுத்து இருந்தாலும் உள்ளடக்கம் வேறு. முதலாவது கடற்படையின் கதை. இரண்டாவது துறைமுகத்தின், வணிகத்தின் கதை. ஒரே நுழைவுச்சீட்டு எந்தெந்தப் பகுதிகளுக்குச் செல்லும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் வசூலிக்கும் தொகை இதைப் பொறுத்தது.

2. தேதி

வெள்ளிக்கிழமை வேண்டாம். நண்பகல் தொழுகை நேரத்தில் மூடும் வழக்கம் உண்டு. நாள் நடுவில் துண்டாகிவிடும். சனி, ஞாயிறில் மலாக்கா நகரத்துக்குள் பேருந்து நகரவே நேரமாகும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேதி முடிவானதும் அன்று திறந்திருக்குமா என்று கேளுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் கேளுங்கள், ஏனெனில் பராமரிப்புக்காகச் சில பகுதிகளைத் திடீரென மூடுவது உண்டு.

3. ஒப்புதலும் பேருந்தும்

வரிசை முக்கியம். தலைமையாசிரியரின் இசைவு, மாவட்டக் கல்வி அலுவலக ஒப்புதல், பெற்றோரின் எழுத்துவழி இசைவு, அதன் பிறகே பேருந்துக்கு முன்பணம். பலர் பேருந்தை முதலில் பிடித்துவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார்கள். தேதி தள்ளிப்போனால் முன்பணம் போனதுதான்.

பேருந்து, சுற்றுலாப் பேருந்துக்கான முறையான உரிமம் உள்ளதாக இருக்க வேண்டும். தெரிந்தவருடைய தொழிற்சாலைப் பேருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு செல்லாமல் போகலாம். உரிமத்தின் நகல், ஓட்டுநரின் விவரம், மாணவர் பட்டியல் ஆகியவை விண்ணப்பத்தோடு இணைய வேண்டும். இதில் சலுகை காட்ட இடமே இல்லை.

4. பொறுப்பாளர் இருவர் முன்னதாகச் சென்று வாருங்கள்

கையில் தாளும் பென்சிலும் போதும். பிள்ளைகள் பார்க்க வேண்டிய பொருட்கள் எந்த அறையில் இருக்கின்றன, கழிவறை எங்கே, பேருந்து எங்கே நிற்க முடியும், சாலையைக் கடக்க எந்த இடம் பாதுகாப்பானது என்று குறித்துக்கொள்ளுங்கள். காட்சிப்பொருட்களின் இடம் அவ்வப்போது மாறும். பழைய படத்தையோ இணையத்தில் பார்த்ததையோ நம்பிப் பணித்தாள் தயாரித்தால், இல்லாத பொருளைத் தேடிப் பிள்ளைகள் அறை அறையாக ஓடுவார்கள்.

இருவர் செல்வதற்குக் காரணம் உண்டு. பயண நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இடம் தெரிந்த இன்னொருவர் இருப்பார்.

5. புறப்படும் முன் இரண்டு பாடவேளை

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிச் செல்கிறார்கள். என்னைக் கேட்டால், பேருந்து வசதியைக் குறைத்தாவது இதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்பேன். விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நான்காம் ஆண்டுப் பிள்ளை மலாயை வாசித்துவிடும். ஆனால் கடற்படைச் சொற்கள் வரிசையாக வந்தால் மூன்றாவது பலகையோடு வாசிப்பதை நிறுத்திவிடும். கதை ஏற்கெனவே தெரிந்திருந்தால், தெரிந்ததைத் தேடிக்கொண்டு அதுவாகவே பலகைக்குப் போகும்.

முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஐந்து ஆண்டுகளை எழுதுங்கள். 1934: சிங்கப்பூரில் ஏப்ரல் 27 அன்று நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் கடற்படை தொடங்கியது, அந்த நாளே இன்றும் கடற்படை நாள். 1948: மலாயாக் கடற்படை மீண்டும் அமைக்கப்பட்டது. 1958: ஜூலை 1 அன்று சுதந்திர மலாயாவின் கைக்கு வந்தது. 1963: மலேசியா உருவானது, இந்தோனேசியாவுடனான மோதல் காலமும் அப்போதே. 1967: டிசம்பர் 1 அன்று கே. தனபாலசிங்கம் தலைமைத் தளபதியானார்.

ஐந்தாவதில் நின்று பேசுங்கள். அதுவரை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள் தலைமை வகித்த கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதி ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 31. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தவர். 1976 வரை பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் கடற்படையின் முக்கியத் தளம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்த பின் சொந்தத் தளம் வேற்று நாட்டில் கிடந்தது. லூமுட் தளம் ஏன் தேவைப்பட்டது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். வரைபடத்தை மாட்டிவைத்தால் விடை அவர்களிடமிருந்தே வரும்.

இங்கே ஒரு வழக்கமான தவறு. ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியதிலிருந்து தொடங்கினால் பாடவேளை அதிலேயே தீர்ந்துவிடும். நம் பிள்ளைகள் அதைக் கட்டாயம் அறிய வேண்டும். அதற்கு வேறொரு நாள் வையுங்கள். கடற்படை அருங்காட்சியகத்தின் கூடங்கள் 20-ஆம் நூற்றாண்டைப் பேசுகின்றன. சோழர் கப்பலை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை, கண் முன்னால் இருப்பதைப் பார்க்காது.

இரண்டாம் பாடவேளையைத் திடலில் நடத்துங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் கேடி (அரசக் கப்பல் என்பதன் மலாய்ச் சுருக்கம்) ஸ்ரீ திரங்கானு என்ற ரோந்துக் கப்பல் 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வோஸ்பர் கப்பல் கட்டுந்தளத்தில் உருவானது. நீளம் 103 அடி, அதாவது சுமார் 31 மீட்டர். அகலம் ஏறத்தாழ 6 மீட்டர். சுண்ணாம்புத் தூளால் இந்த அளவைத் திடலில் வரைந்து, இருபது பிள்ளைகளை உள்ளே நிறுத்துங்கள். இத்தனை பேர் இந்த இடத்துக்குள்ளேயே சமைத்து, உண்டு, உறங்கி, இயந்திரத்தையும் பீரங்கியையும் கவனித்தார்கள் என்று சொல்லுங்கள். மலாக்காவில் உண்மைக் கப்பலைப் பார்க்கும்போது "சின்னதாக இருக்கிறதே" என்று கடந்துபோக மாட்டார்கள்.

அதே பாடவேளையில் கப்பல் மணியையும் சொல்லிக்கொடுங்கள். கப்பலில் ஒரு நாள் நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரியும். ஒவ்வொரு அரை மணிக்கும் மணியின் அடி ஒன்று கூடும்; எட்டு அடி விழுந்தால் காவல் மாறும். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை மட்டும் இரண்டாக உடைப்பார்கள். அப்போதுதான் ஒரு நாளுக்கு ஏழு காவல் வரும். ஒரே ஆட்கள் தினமும் நள்ளிரவுக் காவலில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்கு, அடித்த மணியைப் போலத்தான் இதுவும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால் மறுநாள் வகுப்பில் பேச்சு ஓயாது.

ஊரில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர் இருந்தால் அரை மணி நேரம் அழையுங்கள். பேச்சு வேண்டாம், கேள்விகள் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். "ஐயா, கப்பலில் மழைத் தண்ணீரிலா குளிப்பீர்கள்?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டதற்கு வந்த பதில், எந்தப் பாடநூலும் தராத அளவுக்கு நீண்டது.

6. பணித்தாளில் ஐந்து பொருட்கள் மட்டும்

முப்பது கேள்விகள் கொண்ட பணித்தாளைப் பல பள்ளிகள் தருகின்றன. விளைவு என்னவென்றால், பிள்ளைகள் பொருளைப் பார்ப்பதில்லை. பலகையிலிருந்து ஆண்டையும் பெயரையும் பிரதி எடுக்கிறார்கள். முன்னோட்டப் பயணத்தில் கண்ட ஐந்து பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடக் கட்டமும் இரண்டு கேள்விகளும் போதும்.

பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்வியாக இருக்கட்டும். "இந்த அதிகாரியின் பதவி என்ன?" என்று கேட்காமல், "சட்டைக் கையில் எத்தனை பொன்வளையங்கள்? மேல் வளையம் எப்படிச் சுழித்திருக்கிறது?" என்று கேளுங்கள். இரண்டு வளையம் லெப்டினன்ட், மூன்று கமாண்டர், நான்கு கேப்டன் என்ற பட்டியலைத் தாளின் பின்பக்கம் அச்சிட்டால், பதவியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எண்ணியதை மறக்க மாட்டார்கள்.

நங்கூரம், சுக்கான், திசைகாட்டி, சுழல்விசிறி போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தமிழிலும் மலாயிலும் ஓர் ஓரத்தில் போடுங்கள். பென்சில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். காட்சிக்கூடத்தில் பேனா மை எதன் மேலும் படக்கூடாது.

7. புறப்படும் காலை

பகாவிலிருந்து காலை ஆறரைக்குள் பேருந்து நகர வேண்டும். தம்பின், அலோர் காஜா வழியாக வந்தால், நடுவில் ஒரு கழிவறை நிறுத்தத்தையும் சேர்த்து, கதவு திறக்கும் நேரத்துக்குச் சேரலாம். வளைவுகள் அதிகமுள்ள பாதை. வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி நெகிழிப்பைகளைக் கையில் கொடுங்கள்.

நாசி லெமாக் காலைக்கு மட்டும். தேங்காய்ப்பால் சோறு சூடான பேருந்துக்குள் நண்பகல் வரை தாங்காது. மதியத்துக்குப் புளிச்சோறு நல்லது. எல்லாரும் காலுறை அணிந்து வரட்டும், ஏனெனில் மரக்கப்பலுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பேருந்திலேயே பிரித்துவிடுங்கள். இறங்கிய பின் பிரித்தால் நண்பர்கள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துகொள்வார்கள். பெயர்ப்பட்டையில் பொறுப்பாளரின் தொலைபேசி எண் இருக்கட்டும். பிள்ளையின் முழுப்பெயரும் முகவரியும் வெளியே தெரிய வேண்டியதில்லை.

8. முதலில் கடற்படை அருங்காட்சியகம்

இறங்கியதும் எதிரே மரக்கப்பல் நிமிர்ந்து நிற்கும். பிள்ளைகள் அதை நோக்கியே இழுப்பார்கள். புதிய ஆசிரியர்கள் சரியென்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். கப்பலில் ஏறி இறங்கிக் களைத்த பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கப் பொறுமை இருக்காது. அமைதியாகப் பார்க்க வேண்டியதைக் காலையிலும் ஏறிக் குதிக்க வேண்டியதை மதியத்துக்குப் பிறகும் வைப்பதே என் முறை. ரோந்துக் கப்பல் வெளியில் இருப்பதும் இன்னொரு காரணம். பத்தரைக்கு மேல் இரும்பு சுடும். தொடவும் முடியாது, அருகில் நிற்கவும் முடியாது.

ஆகவே வரிசை இது: ரோந்துக் கப்பல், பிறகு உள்ளே கடற்படை வரலாற்றுப் பகுதி, கடைசியாக டயானா கப்பலின் பொருட்கள்.

ரோந்துக் கப்பலருகே திடலில் வரைந்த சுண்ணாம்புக் கோட்டை நினைவூட்டுங்கள். முன்புறத்திலிருந்து பின்புறம் வரை காலடி எண்ணி நடக்கட்டும். 1963 முதல் 1966 வரை நீடித்த மோதல் காலத்தில் இத்தகைய சிறு கப்பல்கள் கரையோரத்தைக் காத்தன. பெரிய போர்க்கப்பல் நுழைய முடியாத ஆழம் குறைந்த நீரில் ஊடுருவும் படகுகளைப் பிடிக்க, சிறியதும் விரைவானதுமான கப்பலே உதவும். இவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் வெயிலில் நிறுத்திப் பேசாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் குழுக்களை வெவ்வேறு பொருட்களில் தொடங்கச் செய்யுங்கள். நாற்பது பேரும் ஒரே பெட்டியைச் சூழ்ந்தால் பின்வரிசைக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். ஒரு பொருளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று பொறுப்பாளர் சைகை காட்டி மாற்றினால் ஐந்தும் ஒரு மணி நேரத்தில் முடியும். தலைமைத் தளபதிகள் பற்றிய பகுதிக்கு வரும்போது தனபாலசிங்கத்தைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் சுட்டிக்காட்டாதீர்கள், கண்டுபிடித்த பிள்ளை மற்றவர்களை அழைத்து வரும்.

டயானாவில் நேரம் செலவழியுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடத்தில் மிக நெருக்கமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 1817-இல் சீனாவின் குவாங்சோவிலிருந்து சென்னைக்குப் பீங்கான் ஏற்றிச் சென்ற இந்தக் கப்பல் மலாக்கா நீரிணையில் மூழ்கியது. 1990-களின் தொடக்கத்தில்தான் சரக்கு மேலே எடுக்கப்பட்டது.

"மரம் அழிந்துவிட்டது, தட்டு மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விடையைத் தயாராக வைத்திருங்கள். கடற்புழுக்கள் மரத்தைத் துளைத்துத் தின்னும். பீங்கானோ 1,200 பாகைக்கு மேல் சுட்டுப் பளபளப்பு ஏற்றியது. புழுவுக்கும் உப்புக்கும் அது மசியாது.

பிறகு ஒரு வரைபடத்தை விரித்து, குவாங்சோவிலிருந்து சென்னைக்கு நூல் ஒன்றை வையுங்கள். அதே நீரிணை வழியே எதிர்த்திசையில், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் (இன்றைய போர்ட் கிள்ளான்) ஆட்களை ஏற்றி வந்தது ராஜூலா கப்பல். 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. பல பிள்ளைகளின் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னவர்கள் இருப்பார்கள். டயானாவின் நூலை எடுக்காமல் ராஜூலாவின் நூலைப் பக்கத்திலேயே வைத்தால், கடல் தங்களுக்குத் தொடர்பில்லாத ஒன்று என்ற எண்ணம் அங்கேயே உடையும்.

9. மதியத்துக்குப் பின் மரக்கப்பல்

சாலையைக் கடக்கும்போது முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். குழு குழுவாகக் கடந்தால் போதும். நாற்பது பேரின் நீண்ட வரிசை நடுவில் அறுந்துவிடும்.

ஏறும் முன்பே சொல்லுங்கள்: இது உண்மைக் கப்பல் அன்று, புளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பலின் உருவ மாதிரி. 36 மீட்டர் நீளம், 34 மீட்டர் உயரம். உண்மைக் கப்பல் 1511-இல் மலாக்காவில் கொள்ளையடித்த செல்வத்தோடு சுமத்ரா அருகே மூழ்கியது. இதைச் சொல்லாமல் விட்டால், "ஐந்நூறு ஆண்டுப் பழைய கப்பலில் ஏறினேன்" என்று பிள்ளைகள் கட்டுரை எழுதுவார்கள்.

உள்ளே ஒன்றை மட்டும் தேடச் சொல்லுங்கள்: மலாக்கா சுல்தான் காலத்துத் துறைமுகம் பற்றிய பகுதி. அங்கே நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், வணிகர்களைக் கவனித்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழ்நாட்டுக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா, மொலுக்கஸ் பக்கத்தாருக்கு ஒருவர், சீனம், சம்பா பக்கத்தாருக்கு ஒருவர். ஒரே துறைமுகத்தில் இத்தனை மொழிகள் எப்படிப் பேசப்பட்டன என்பது மூத்த மாணவர்களுக்கு நல்ல கேள்வி.

சமுத்திர அருங்காட்சியகத்தின் இரண்டாம் பகுதி பழைய கத்ரி நிறுவனக் கட்டடத்தில் இயங்குகிறது. ரப்பர் தோட்டங்களை நடத்திய அதே கத்ரி. பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தோட்டத்துக் கணக்கும் துறைமுகத்துக் கணக்கும் ஒரே நிறுவனத்தில் கூடின என்பதை வாசலிலேயே நின்று சொல்லிவிடலாம்.

10. நீர்மூழ்கிக் கப்பலைச் சேர்ப்பதா?

கிளேபாங் கடற்கரையில் உவெசான் என்ற பிரெஞ்சு நீர்மூழ்கி காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டின் முதல் நீர்மூழ்கி வீரர்கள் பிரான்சில் பயிற்சி பெற்றது இதில்தான். 2011-இல் மலாக்காவுக்கு வந்தது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் மட்டும் என்றால் சேர்க்கலாம். சிறியவர்கள் இருந்தால் வேண்டாம்; வழி குறுகியது, வரிசை மெதுவாக நகரும், வெளியே காத்திருப்பவர்களுக்கு வெயில். திறந்திருக்கிறதா என்று அன்று காலையே கேட்டுவிட்டுச் செல்லுங்கள். மாலை நான்கு மணிக்குள் மலாக்காவை விட்டுப் புறப்பட முடியாது என்று தெரிந்தால், தயங்காமல் இதைக் கைவிடுங்கள். இருட்டிய பின் அந்த வளைவுப் பாதையில் பிள்ளைகளோடு வர வேண்டியதில்லை.

11. திரும்பிய வாரத்துக்குள் வகுப்பறைக் காட்சி

"என் மலாக்காப் பயணம்" என்று கட்டுரை எழுதச் சொல்வது எளிது. நாற்பது கட்டுரைகளும் பேருந்தில் ஏறியதில் தொடங்கிப் பேருந்திலிருந்து இறங்கியதில் முடியும். அதற்குப் பதிலாக, வீட்டிலிருந்து கடலோடு தொடர்புள்ள பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாத்தாவின் தகரப்பெட்டி, பழைய கடவுச்சீட்டின் நகல், ஊரிலிருந்து வந்த பித்தளைச் செம்பு, எதுவானாலும் சரி. பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளை, பெரியவர் சொன்ன செய்தி ஒன்றை எழுதி வரட்டும்.

ஒவ்வொன்றுக்கும் விளக்க அட்டை எழுத வேண்டும்: பொருளின் பெயர், எதனால் ஆனது, யாருடையது, எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது. ஐந்து வரிகளுக்கு மேல் வேண்டாம். அருங்காட்சியகத்தில் பார்த்த பலகைகள் எவ்வளவு சுருக்கமாக இருந்தன என்பதை நினைவூட்டுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1950-களில்" என்றோ, "பாட்டியின் திருமணத்துக்கு முன்" என்றோ எழுதலாம். ஊகித்து ஓர் ஆண்டைப் போடக்கூடாது.

பொருளின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டுநாடா பழைய தாளையும் வர்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும். அட்டையைப் பக்கத்தில் நிறுத்துங்கள், அல்லது நூலால் தளர்வாகக் கட்டுங்கள். வாங்கும்போது ஒரு பதிவேட்டில் வரிசை எண், பொருள், ஏற்கெனவே உள்ள கீறல் அல்லது உடைசல், கொண்டுவந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். மூன்று நாளுக்கு மேல் பள்ளியில் வைக்க வேண்டாம். திருப்பித் தரும்போது பெற்றோரிடம் அதே வரியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம் போன்றவற்றின் மூலத்தை வாங்காதீர்கள். நகல் மட்டும் போதும்.